பாட்டு தெரியும், பெயர் தெரியுமா?



உங்கள் ஊர் மண்டபத்தில் "இந்திப் பாடல் மாலை" என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டு உண்டு, நடனம் உண்டு, இடையிடையே பழைய படக்காட்சிகளும் உண்டு. போவீர்களா, மாட்டீர்களா?

போவீர்கள்! இந்தியில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் போவீர்கள். ராஜ்கபூர் தொளதொளத்த கால்சட்டையோடு நடந்து வந்ததை உங்கள் தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். முகமது ரஃபியின் குரல் கேட்டால் அப்பா செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றிருப்பார். பொருள் புரியாமலே முணுமுணுத்த பாட்டுகள் நம் வீடுகளில் எத்தனை எத்தனை! பொருள் தெரியாது, ஆனால் மெட்டு மட்டும் ஓரிடத்திலும் பிசகாது.

சரி, போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அறிவிப்பாளர் வருகிறார். "அடுத்து, ராஜ்கபூர் பாட்டு" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "இது மதுபாலா பாட்டு" என்கிறார். பிறகு, "வைஜயந்திமாலா பாட்டு" என்கிறார். கைதட்டல் வானைப் பிளக்கிறது.

இங்கேதான் உங்களிடம் ஒரு கேள்வி. அவற்றைப் பாடியவர் யார்? எழுதியவர் யார்? மெட்டமைத்தவர் யார்? வயலின் வாசித்தவரும், கால் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவரும் யார் யார்? முகம் நமக்குத் தெரியும். முகத்துக்குப் பின்னால் நின்ற ஆட்களை மட்டும் நாம் கேட்டதே இல்லை. அவர்களோ, தங்கள் பெயருக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்கள். அந்தக் கதை தெரிந்துவிட்டால் அடுத்த முறை அந்த மாலை நேரம் உங்களுக்கு இரண்டு மடங்கு இனிக்கும்.

முகம் ஒன்று, குரல் ஒன்று

இந்தியாவின் முதல் பேசும் படம் "ஆலம் ஆரா". 1931-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அதில் ஏழு பாடல்கள். அதே இரானியின் நிறுவனம்தான் அதே ஆண்டு அக்டோபரில் டி.பி. ராஜலட்சுமி நடித்த "காளிதாஸ்" படத்தையும் தந்தது. தமிழர்கள் திரையில் முதன்முதலாகத் தமிழ் கேட்டது அந்தப் படத்தில்தான். ஆகவே இந்திப் படமும் தமிழ்ப் படமும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்று சொன்னால் தவறில்லை.

அந்தக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். படம் பிடிக்கும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். குரல் நன்றாயிருந்து முகம் சுமாராயிருந்தாலும் சங்கடம்; முகம் நன்றாயிருந்து குரல் கரகரத்தாலும் சங்கடம்!

இந்தச் சங்கடத்துக்குக் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1935-இல் ஒரு வழி கண்டது. "தூப் சாவோன்" என்ற இந்திப் படத்தில் பாட்டைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்க வைத்தார்கள். இயக்கியவர் நிதின் போஸ். இசை ராய் சந்த் போரால். பின்னணிப் பாடல் என்ற முறை இப்படித்தான் வந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைக்கே ஒரு வினையும் பிறந்துவிட்டது. பாடுகிறவர் ஒருவர், பெயர் வாங்குகிறவர் வேறொருவர் என்றாகிவிட்டது.

"காமினி" யார்?

1949-இல் "மஹல்" என்றொரு படம் வந்தது. பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, ஊஞ்சலில் ஆடும் ஒரு மர்மப் பெண். அவள் பாடும் பாட்டுத்தான் படத்தின் உயிர். மெட்டமைத்தவர் கேம்சந்த் பிரகாஷ். பாடியவருக்கு அப்போது இருபது வயது. தந்தையை இழந்து, தம்பி தங்கைகளைக் காப்பாற்ற ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கிய பெண்.

குரல் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல அருகே வருவது போல ஒலிக்க வேண்டும். இப்போதென்றால் அதற்குக் கருவிகள் இருக்கின்றன. அப்போது எங்கே? அறையின் ஒரு கோடியில் அந்தப் பெண்ணை நிறுத்திப் பாடச் சொன்னார்கள். பாடிக்கொண்டே அடி அடியாக ஒலிவாங்கியை நோக்கி நடந்து வந்தாள் அவள். அந்த நடைதான் நம்மை இன்றைக்கும் சிலிர்க்க வைக்கிறது!

இசைத்தட்டு கடைக்கு வந்தது. அதில் பாடியவர் பெயர் என்ன போட்டிருந்தது தெரியுமா? "காமினி"! படத்தில் மதுபாலா தோன்றும் அந்த மர்மப் பெண்ணின் பெயர் அது. கதையில் வரும் ஒரு பாத்திரம் பாடியதாக அச்சடித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும் பாடகியின் பெயர் இல்லை.

வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்ததும் நேயர்கள் சும்மா இருக்கவில்லை. யார் பாடியது, யார் பாடியது என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். கடைசியில் வானொலி நிலையம் இசைத்தட்டு நிறுவனத்தைக் கேட்டறிந்து அந்தப் பெயரை அறிவித்தது. லதா மங்கேஷ்கர்!

பாருங்கள், அந்தப் பெயரை முதலில் வெளியே கொண்டு வந்தது எந்த முதலாளியும் அல்ல, எந்த நட்சத்திரமும் அல்ல. உங்களையும் என்னையும் போன்ற சாதாரண நேயர்கள், தபால் தலைக்குக் காசு செலவழித்துக் கேட்ட கேள்விதான்.

ஒரு வருத்தமும் உண்டு. அந்த மெட்டைத் தந்த கேம்சந்த் பிரகாஷ் 1950-இல் காலமானார். பாட்டு நிலைத்த அளவுக்கு அவருடைய பெயர் நிலைக்கவில்லை.

மேடையில் பாட மறுத்த பாடகி

பிலிம்பேர் பரிசுகள் 1954-இல் தொடங்கின. முதல் விழா பம்பாய் மெட்ரோ திரையரங்கில். மொத்தம் ஐந்தே பரிசுகள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, இசையமைப்பாளர். அந்த முதல் இசைப் பரிசு "பைஜு பாவ்ரா" படத்துக்காக நௌஷாத்துக்குப் போனது. பாடியவருக்குப் பரிசு கிடையாது. எழுதியவருக்கும் கிடையாது.

1957-ஆம் ஆண்டு விழாவில் "சோரி சோரி" படத்துக்காகச் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையருக்கு இசைப் பரிசு. அந்தப் படத்துப் பாட்டு ஒன்றை விழா மேடையில் பாட வேண்டும் என்று லதாவைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். பரிசு இசையமைப்பாளருக்குத்தானே, பாடகருக்கும் கவிஞருக்கும் இல்லையே, அப்படியானால் குரலும் சொல்லும் இல்லாமல் வாத்தியத்தை மட்டும் வாசித்துக் கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய வாதம். கோபமாகச் சொன்ன சொல்லாகத் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் நியாயமான சொல்.

பலன் கிடைத்தது. 1959-இல் பின்னணிப் பாடலுக்குப் பரிசு ஏற்பட்டது. முதலில் பெற்றவர் லதா, "மதுமதி" படத்துக்காக. கவிஞருக்கும் அதே ஆண்டு பரிசு வந்தது. ஆனால் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் சேர்த்து ஒரே பரிசுதான்; அதைத் தனித்தனியாகப் பிரிக்க 1968 வரை ஆயிற்று!

அந்த 1957 பரிசுகளிலேயே இன்னொருவரும் தலைநிமிர்ந்து நின்றார். அவர் சென்னையிலிருந்து போன நம் வைஜயந்திமாலா. "தேவதாஸ்" படத்தில் சந்திரமுகியாக நடித்ததற்குத் துணை நடிகைப் பரிசு அறிவித்தார்கள். என் பாத்திரம் துணைப் பாத்திரம் அல்ல, இன்னொரு நாயகிக்குச் சமமானது என்று சொல்லி அதை ஏற்க மறுத்துவிட்டார்.

பிறகு 1960-களில் இன்னொரு தகராறு. பாட்டு விற்க விற்கப் பாடகருக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்றார் லதா. பாடியதற்குக் கூலி வாங்கிக்கொண்டோம், அதோடு நம் கணக்குத் தீர்ந்தது. லாபமோ நட்டமோ தயாரிப்பாளருடையது என்றார் ரஃபி. ரஃபி பேராசை இல்லாத மனிதர். தம் மனத்துக்குப் பட்டதைச் சொன்னார். லதாவோ, நாளைக்கு வரும் பாடகர்களுக்கும் சேர்த்துப் பேசினார். சில ஆண்டுகள் இருவரும் சேர்ந்து பாடவே இல்லை. அப்புறம் சமாதானமாகிப் பழையபடி பாடினார்கள்.

யார் சொன்னது சரி? நீங்களே சொல்லுங்கள். பால் வெட்டியவருக்கு அன்றைய கூலி மட்டுமா, விலை ஏறும்போது ஒரு பங்குமா என்ற கேள்வி தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்லவே! இந்திய நாடாளுமன்றம் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலித்துப் பணம் வந்தால் அதில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அந்த உரிமையை முதலாளி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் சொன்னது. பாடகர்களுக்கும் அதில் உரிமை வகுக்கப்பட்டது. மேலவையில் உறுப்பினராக இருந்து இதற்காகக் குரல் கொடுத்தவர் கவிஞர் ஜாவேத் அக்தர். ரஃபி மறைந்தது 1980-இல். சட்டம் வந்ததோ 32 ஆண்டுகள் கழித்து!

பட்டறைத் தொழிலாளி எழுதிய பாட்டு

ராஜ்கபூர் படங்களில் ஏழை எளியவர்களின் மனத்தைத் தொடும் பாட்டுகள் வரும் அல்லவா? அவற்றில் பலவற்றை எழுதியவர் சைலேந்திரா. அவர் யார் தெரியுமா? பம்பாய் மாதுங்காவில் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தொழிலாளி. கூட்டங்களில் கவிதை படிப்பார். அப்படி ஒரு கூட்டத்தில் கேட்ட ராஜ்கபூர், என் படத்துக்கு எழுதுங்கள் என்றார். என் கவிதை விற்பனைக்கு அல்ல என்று சொல்லிவிட்டார் அவர். பிறகு குடும்பத்தில் பணமுடை வந்தபோது தாமே தேடிச் சென்று "பர்சாத்" படத்துக்கு எழுதினார். 1949-இல் வெளியான படம் அது. பத்தே ஆண்டுகளில், பாடலாசிரியருக்கான முதல் பிலிம்பேர் பரிசு "யஹூதி" படத்துக்காக அவருக்கே கிடைத்தது.

சம்பாதித்ததைப் போட்டு அவர் சொந்தமாக எடுத்த படம் "தீஸ்ரி கசம்". 1966-இல் வெளியானது. ராஜ்கபூரும் வஹீதா ரஹ்மானும் நடித்தார்கள். அருமையான படம். ஆனால் வசூல் இல்லை. மனமும் உடலும் நொந்த கவிஞர் அந்த ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கண்ணை மூடினார். அன்று ராஜ்கபூரின் பிறந்த நாள்!

இன்னொரு கவிஞர் சாஹிர் லுதியான்வி. "பியாசா" படத்தின் பாட்டுகள் அவருடையவை. வானொலியில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் சொல்கிறீர்களே, எழுதியவனை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று விடாமல் கேட்டவர் அவர். அதன் பிறகுதான் கவிஞர் பெயரும் காற்றில் ஏறியது என்று திரையுலகம் அவரை நன்றியோடு நினைக்கிறது. "பியாசா" வெற்றியின் பெருமை யாருக்கு என்ற பேச்சில்தான் அவரும் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனும் பிரிந்து போனார்கள். பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை, பார்த்தீர்களா?

மகுடி இல்லாத மகுடி

நம் பள்ளி விழாக்களில் பாம்பு நடனம் என்றால் எந்த இசையை வைப்பார்கள்? "நாகின்" மெட்டைத்தானே! 1954-இல் வந்த படம். ஆடியவர் வைஜயந்திமாலா, இசை ஹேமந்த் குமார். அந்த மகுடி ஓசையைக் கேட்டுப் படம் ஓடிய கொட்டகைக்குள் நல்ல பாம்பே வந்துவிட்டது என்றுகூடக் கதை கட்டினார்கள்.

ஆனால் அதில் ஒலிப்பது மகுடியே அல்ல! கிளாவியோலின் என்ற மின்விசைக் கருவி. ஹார்மோனியம் போலக் கட்டைகளை அழுத்தி வாசிப்பது. வாசித்தவர் கல்யாண்ஜி. கூடவே ஹார்மோனியத்தில் கைகொடுத்தவர் ரவி. இருவரும் அன்று உதவியாளர்கள். பின்னாளில் இருவருமே பெரிய இசையமைப்பாளர்களாக உயர்ந்தார்கள். உயர்ந்ததால் நமக்குப் பெயர் தெரிகிறது. உயராமல் போன நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்கள்?

பம்பாய்ப் பாட்டுகளில் வயலின்கள் அலை அலையாக எழுந்து வருமே, அதை வாசித்தவர்களில் மிகப் பலர் கோவாவிலிருந்து வந்தவர்கள். இசையமைப்பாளர் மெட்டை வாயால் பாடிக் காட்டுவார். அதைக் கேட்டு, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று மேல்நாட்டு முறையில் தாளில் எழுதிக் கொடுப்பவர்கள் இவர்கள். செபாஸ்தியான் டிசூசா அப்படி ஒருவர். சங்கர்–ஜெய்கிஷன் இசைக்குப் பின்னால் இருந்த கை அவருடையது. அந்தோணி கொன்சால்வஸ் இன்னொருவர்.

"அந்தோணி கொன்சால்வஸ்" என்றதும் அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வெளிவந்து ஆடுவது உங்களுக்கு நினைவுக்கு வரும். 1977-இல் வந்த "அமர் அக்பர் அந்தோணி". படத்தில் அது வேடிக்கைப் பெயர். ஆனால் உண்மையில் அது ஓர் ஆசிரியரின் பெயர்! அப்படத்தின் இசையமைப்பாளர்களான லட்சுமிகாந்த்–பியாரேலால் இருவரில் பியாரேலாலுக்கு வயலின் கற்றுக் கொடுத்த குரு அவர். மாணவர் தம் குருவின் பெயரை நாடே பாடும்படி செய்துவிட்டார். குருதட்சணை என்றால் இதுவல்லவா குருதட்சணை!

கால்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்

இனி நடனம். இந்தப் பகுதியில் நமக்குக் கொஞ்சம் பெருமையே வரும். 1948-இல் ஜெமினி வாசன் "சந்திரலேகா"வைத் தமிழில் எடுத்து, அதே ஆண்டில் இந்தியிலும் கொண்டு போனார். அந்தப் பிரம்மாண்டமான முரசு நடனத்தைக் கண்டு வடக்கே வாய் பிளந்தார்கள். 1951-இல் ஏ.வி.எம். தன் "வாழ்க்கை" படத்தை "பஹார்" என்று இந்தியில் எடுத்தபோது வைஜயந்திமாலா அங்கே போய்ச் சேர்ந்தார். பத்மினி போனார். செங்கற்பட்டில் பிறந்து பரதம் கற்ற வஹீதா ரஹ்மான் போனார். பின்னால் ஹேமமாலினியும் ரேகாவும் ஸ்ரீதேவியும் போனார்கள். முறைப்படி ஆடத் தெரிந்த பெண்கள் வந்த பிறகு இந்திப் பட நடனத்தின் தரமே உயர்ந்தது.

ஹெலன் கதை வேறு. இரங்கூனில் பிறந்தவர். யுத்தத்தில் தந்தையை இழந்தார். ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது தாயோடு காட்டு வழியாக அஸ்ஸாம் வரை நடந்தே வந்த குடும்பம் அது. வழியில் எத்தனையோ பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். சயாம் மரண இரயில் பாதையை நினைவில் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பாயில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருவராகத் தொடங்கினார். 1958-இல் "ஹவுரா பிரிட்ஜ்" படத்தில் சீனப் பெண் வேடத்தில் ஆடிய ஒரே ஆட்டத்தில் நாடு முழுதும் தெரிந்துவிட்டார். அந்தப் பாட்டுக்குக் குரல் கீதா தத், இசை ஓ.பி. நய்யர். "ஆட்டக்காரி" என்று இளக்காரமாகப் பேசிய உலகம், 2009-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது தந்து எழுந்து நின்று கைதட்டியது.

இவர்களுக்கெல்லாம் அடவு சொல்லிக் கொடுத்த நடன ஆசிரியர்களோ திரையில் தெரியவே மாட்டார்கள். சோகன்லால் என்ற ஆசிரியரிடம் கூட்டத்தில் ஆடும் சிறுமியாகச் சேர்ந்து, உதவியாளராகி, பிறகு ஆசிரியரானவர் சரோஜ் கான். 1988-இல் "தேஜாப்" படத்தில் மாதுரி தீட்சித் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஆடுவாரே, அந்த ஆட்டம் சரோஜ் கான் அமைத்தது. நடன அமைப்புக்கும் பரிசு தர வேண்டும் என்று பிலிம்பேருக்குத் தோன்றியது அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான். 1989-இல் முதல் பரிசு அவருக்கே. பரிசு விழா தொடங்கி 35 ஆண்டுகள் கழித்து! பிறகு அவர் "சிருங்காரம்" என்ற தமிழ்ப் படத்துக்கு நடனம் அமைத்துத் தேசிய விருதும் பெற்றார். 2020-இல் மறைந்தார்.

தெற்கிலிருந்து போன குரல்கள்

இந்திப் பாட்டு மாலை என்றால் தமிழர்க்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களிடம் 1971-இல் வந்த "குட்டி" படத்தைச் சொல்லுங்கள். ஜெயா பாதுரி பள்ளி மாணவியாக நடித்த படம். சினிமா நட்சத்திரத்தின் மேல் பைத்தியமாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, திரைக்குப் பின்னால் உழைப்பவர்களைக் காட்டி மெல்ல மெல்லக் கண் திறக்க வைக்கும் கதை. பொருத்தத்தைப் பாருங்கள்! அந்தப் படத்தில் பாடித்தான் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் இந்தி உலகுக்கு அறிமுகமானார். அதன் வழிபாட்டுப் பாடலை வடக்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடினார்கள். வாணியம்மா 2023-இல் மறைந்தார்.

1976-இல் "சித்சோர்" படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர் கே.ஜே. ஏசுதாஸ். மெட்டமைத்த ரவீந்திர ஜெயின் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 1981-இல் கே. பாலசந்தர் இயக்கிய "ஏக் தூஜே கே லியே" வந்தது. தமிழ்ப் பையனும் வடநாட்டுப் பெண்ணும் மொழி தெரியாமலே காதலிக்கும் கதை. அதில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இந்தியில் பாடித் தேசிய விருது பெற்றார். மொழி தெரியாத காதலனுக்குத் தென்னாட்டுக் குரலே பொருத்தம் என்று பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

நம் மண்ணுக்கும் ஓர் உறவு

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு கிளை உண்டு. பின்னணிப் பாடல் பிறந்த அதே நியூ தியேட்டர்ஸில் கே.எல். சைகாலை வைத்து 1938-இல் "ஸ்ட்ரீட் சிங்கர்" எடுத்தவர் பணி மஜும்தார். அவரைச் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கு ஷா சகோதரர்கள் அழைத்து வந்தார்கள். 1956-இல் அவர் பி. ரம்லியை நாயகனாக வைத்து "ஹங் துவா" என்ற வண்ணப் படத்தை எடுத்தார். பி.எஸ். ராஜ்ஹன்ஸ், சென்னையிலிருந்து வந்த எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்களும் அங்கே மலாய்ப் படங்களை உருவாக்கினார்கள். கதைக்கு நடுவே பாட்டு, பாட்டோடு ஆட்டம் என்ற முறை மலாய்ப் படங்களில் வேரூன்றியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்த மாபெரும் கலைஞர் பி. ரம்லி 1948-இல் "சிந்தா" படத்தில் முதலில் எதற்காகப் பேசப்பட்டார் தெரியுமா? நாயகன் ரூமாய் நோருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார்! நம் நாடு போற்றும் கலைஞரும் இன்னொருவர் முகத்துக்குப் பின்னால் நின்றுதான் பாடத் தொடங்கினார்.

இந்தி நட்சத்திரங்களுக்கு இந்த மண்ணில் குறைவில்லாத வரவேற்பு. 2008-இல் மலாக்கா மாநிலம் ஷாருக் கானுக்கு டத்தோ பட்டமே தந்தது. நல்லது, மகிழ்ச்சி. முகத்துக்குப் பட்டம் கொடுக்கும்போது குரலையும் ஒரு வார்த்தை நினைத்துக் கொள்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

ஒரே ஒரு தாள் போதும்

1952-இல் இந்திய அரசு வானொலி திரைப்பாட்டை ஒதுக்கித் தள்ளியபோது, அந்தப் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தது சிலோன் ரேடியோ. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது "பினாக்கா கீத்மாலா". நடத்தியவர் அமீன் சயானி. தெருவெல்லாம் அவர் குரலுக்காகக் காத்திருந்தது. அவர் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்த உறவினர் போலப் பேசினார். 2024-இல் தம் 91-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, ஒரு பாட்டும் பாடாத அந்த மனிதருக்காகப் பாட்டுலகமே அழுதது. அறிவிப்பாளர் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, அன்பர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு மாலையை நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாள் எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஐந்து விவரம் குறித்துக்கொள்ளுங்கள். நடனம் என்றால் ஆசிரியர் பெயரையும் சேருங்கள். இன்று கைப்பேசியில் தேடினால் கால் மணி நேர வேலை. மேடையில் சொல்ல அரை நிமிடம் போதும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்று உங்கள் மேடையில் மத்தளம் வாசிக்கும் தம்பி யார்? பிள்ளைகளுக்கு மாலை மாலையாக ஆடக் கற்றுக் கொடுத்த அக்காள் யார்? சலங்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்த அம்மா யார்? அவர்களுடைய பெயரையும் வாய் நிறையச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது சொல்வதல்ல. மண்டபம் நிறைந்திருக்கும்போதே சொல்லுங்கள்.

பார்க்கப் போகிறவராக இருந்தாலும் உங்களுக்கு வேலை உண்டு. பெயர் சொல்லாமல் ஒரு பாட்டு முடிந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அறிவிப்பாளரிடமே போய்க் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? 1949-இல் யாரோ சிலர் அப்படிக் கேட்டு எழுதிய கடிதங்களால்தான் "காமினி" லதா மங்கேஷ்கர் ஆனார்!